அம்மா ஊதிய குழல்கள்

மூக்கில் கிளிப்பை மாட்டியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் அட்டைக்குழல், எதிரே கையகலத் திரை. கருவியை இயக்கும் பெண்ணுக்கு 25 வயதுக்குள்தான் இருக்கும். "மூச்ச நல்லா உள்ள இழுங்கம்மா... இன்னும்... இன்னும்... இப்ப ஒரே வேகமா ஊதுங்க! விடாதீங்க, விடாதீங்க, ஊதிக்கிட்டே இருங்க" என்று தன் மூச்சையும் சேர்த்துக் கொடுப்பவள் போலக் குரல் கொடுத்தாள். அம்மா ஊதினாள். திரையில் ஒரு கோடு விருட்டென்று ஏறியது, ஏறிய வேகத்திலேயே சரிந்தது, பிறகு பட்டினி கிடந்தவர் வயிறு போல உள்வாங்கித் தரையோடு தரையாக நீண்டுகொண்டே போனது. இப்படி 3 தடவை. கடைசித் தடவை குழலை எடுத்ததும் இருமலுக்கு நடுவே அம்மா சொன்னாள்: "அடுப்பு ஊதுற மாரியே கீதுடி."

அந்தப் பெண் சிரித்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவையை இன்ஹேலர் பம்பில் பொருத்தி, சால்புட்டமால் மருந்தை 4 முறை அடித்து இழுக்கச் சொன்னார்கள். ஒரு முறைக்கு 100 மைக்ரோகிராம், மொத்தம் 400. "15 நிமிஷம் வெளிய உட்காருங்க. மருந்து வேலை செஞ்சப்புறம் மறுபடியும் ஊதணும்" என்றாள் அந்தப் பெண். முதல் ஊதலுக்கும் அடுத்த ஊதலுக்கும் இடையில் எவ்வளவு காற்று கூடுகிறது என்று பார்ப்பார்கள். ஆஸ்துமாவா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சிஓபிடியா, மூச்சுக்குழாய் இன்னும் எவ்வளவு திறக்கும் என்பதையெல்லாம் யோசிக்க டாக்டருக்கு அந்த இரண்டு எண்களும் வேண்டும்.

நடைபாதை பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அந்த 15 நிமிடமும் நான் 40 வருஷத்துக்கு முந்தைய விம்கோ நகரில் இருந்தேன்.

எங்கள் ஊருக்குப் பெயர் தந்தது தீப்பெட்டிக் கம்பெனி. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் விம்கோ. தெற்கே திருவொற்றியூர், வடக்கே எர்ணாவூரும் எண்ணூரும், கிழக்கே கடல், மேற்கே தண்டவாளத்தைத் தாண்டிப் போனால் மணலி. இதற்குள் லாரி, மோட்டார் சைக்கிள், டயர், சாணைக்கல், உரம் எல்லாவற்றுக்கும் ஆலை வந்தது. அசோக் லேலண்ட் எண்ணூருக்கு வந்தது 1940களின் கடைசியில். திருவொற்றியூரில் என்பீல்டு 1955இல். மணலி சுத்திகரிப்பு ஆலை 1969இல். அடுத்த ஆண்டே எண்ணூர் அனல் மின் நிலையம். எங்கள் தெருவில் கடிகாரம் இல்லாத வீடுகள் நிறைய. சங்கு ஊதினால் மணி தெரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூக்கு சொல்லும். ரப்பர் வாடை வந்தால் ஒரு திசை, முட்டை அழுகின வாடை வந்தால் இன்னொரு திசை, உப்பு வாடை வந்தால் கடல்காற்று இறங்கிவிட்டது என்று அர்த்தம். சாயங்காலம் அந்த உப்புக்காற்றுக்காகவே பெரியவர்கள் வாசலில் வந்து உட்காருவார்கள்.

எங்கள் வீடு ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சமையல் மரத்தூள் அடுப்பில். மரவாடியிலிருந்து மூட்டையாகத் தூள் வரும். தகர அடுப்பின் நடுவில் அம்மா ஒரு பாட்டிலை நிறுத்துவாள். கீழ்த்துவாரத்தில் ஒரு உருட்டுக்கட்டையைச் செருகுவாள். சுற்றிலும் தூளைக் கொட்டி முஷ்டியால் குத்திக் குத்தி இறுக்குவாள். பிறகு பாட்டிலைத் திருகிக்கொண்டே மேலே உருவி, கட்டையையும் உருவினால் உள்ளே காற்றுக்கு ஒரு வழி கிடைக்கும். அதில் இரண்டு சுள்ளியைக் கொளுத்திச் செருகிவிட்டால் மணிக்கணக்கில் நின்று கனலும். கார்த்திகை, மார்கழியில் தூள் ஈரம் குடித்துவிடும். அப்போது கனலாது, புகையும். அந்த மாதங்களில் அம்மாவின் கையை விட்டு ஊதாங்குழல் இறங்கினதில்லை. அப்பா எங்கிருந்தோ கொண்டுவந்த இரும்புக்குழாய், ஒன்றரை அடி நீளம். அம்மாவின் உதடு பட்டுப் பட்டு ஒரு முனை வெள்ளிக்காசு போல மின்னும். ஊதிவிட்டு முகத்தைத் திருப்பி மூச்சு வாங்குவாள். திருப்பின பக்கமும் புகைதான்.

அவள் வாழ்நாளில் பீடியையோ சிகரெட்டையோ தொட்டதில்லை. வெற்றிலைகூடப் போட்டதில்லை.

அப்பாதான் பீடி. நாளுக்கு 2 கட்டு. ஒரு ஆலையில் கான்ட்ராக்ட் வேலை, மூட்டை ஏற்றி இறக்குவது. எனக்கு 10 வயது ஆனபோது அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. ராத்திரி 2 மணி, 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். மடியில் தலையணையை வைத்து இரண்டு முழங்கையையும் அதில் ஊன்றி, தோள் இரண்டும் காதைத் தொடும் அளவுக்கு ஏற, கழுத்து நரம்பு புடைக்க அவர் மூச்சுக்குப் போராடுவதைப் பாயில் படுத்தபடி பார்ப்பேன். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள். ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்துக் கொடுப்பாள், தூதுவளை ரசம் வைப்பாள். வீண் வைத்தியம் என்று அதைத் தள்ள எனக்கு மனம் வராது. ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளிலிருந்து கிளைத்ததுதான் இன்றைக்கு இருமல் டானிக்குகளில் இருக்கும் பிராம்ஹெக்சின். ஆனால் அப்பாவின் இழுப்பு அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தது.

விடியாத நேரத்தில் ரிக்‌ஷாவில் உட்காரவைத்துக் கிளினிக்குக் கூட்டிப்போவோம். டாக்டர் தடிமனான சிரிஞ்சில் அமினோபிலினைக் குளுக்கோஸோடு கலந்து, நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார். ஒரு கை ஊசியில், ஒரு கை நாடியில். வேகமாக ஏற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். காபி, டீயில் இருக்கும் கஃபீனுக்கு மிக நெருங்கிய உறவு அந்த மருந்து. குறைந்தால் வேலை செய்யாது, கொஞ்சம் கூடினால் வாந்தி, படபடப்பு, அதற்கும் மேலே போனால் வலிப்பு. அரை மணி கழித்து அப்பா வியர்த்து நனைந்து, "இப்ப பரவால்ல" என்பார். அந்த வார்த்தை வரும்வரை அம்மா அந்தச் சுவரோரத்திலேயே நிற்பாள். வீட்டுக்கு வந்தால் மாத்திரை. அதைப் போட்டால் கை நடுங்கும், தூக்கம் வராது. அடுத்த நாள் மூட்டை தூக்கப் போகவேண்டும்.

பம்பு அப்போது இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் சால்புட்டமால் 1969இலேயே வந்துவிட்டது. இந்தியாவில் சிப்லா 1976இல் ஆஸ்துமாவுக்கான ஸ்பிரே மருந்துகளைக் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்து மெடிக்கலிலும் வைத்திருந்தார்கள். ஆனால் ஊரில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "பம்பு கடைசி வைத்தியம்ப்பா. அத்த ஆரம்பிச்சா விட முடியாது." அப்பாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. சட்டைப்பையில் பம்பைப் பார்த்தால் மேஸ்திரி வேலைக்கு எடுக்கமாட்டார். கடைசியில் ஒரு நாள் வாங்கினார். எப்படி இழுப்பது என்று யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. வாயைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கின் மேல் அடித்துக்கொண்டார். "கசக்குது, ஒண்ணும் பிரயோஜனம் இல்ல" என்றார். இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். 1993 டிசம்பரில் அவர் போன பிறகு பரணைத் துடைக்கும்போது அது கையில் கிடைத்தது. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே மருந்து அலம்பியது.

அவர் மூச்சை யாரும் ஒரு தடவைகூட அளந்து பார்த்ததில்லை. ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரைப் பற்றி எழுதியது 1846இல். அப்பா இறந்தது அதற்கு 147 ஆண்டு கழித்து. சீட்டில் 'ஆஸ்துமா' என்று எழுதியிருந்தார்கள். இன்றைக்கு யோசித்தால் அது ஆஸ்துமா இல்லை. ஆஸ்துமாவில் குழாய் சுருங்கும், பெரும்பாலும் மருந்தில் விரிந்துவிடும். அப்பாவுக்கு இருந்தது சிஓபிடி. பீடிப்புகையும் மூட்டைத் தூசியும் குழாய்ச் சுவரைத் தடிக்கச்செய்து, காற்றறைகளைத் தின்றுவிட்டிருந்தன. எவ்வளவு விரித்தாலும் முழுசாகத் திரும்பாத அடைப்பு அது.

இந்த மருந்துகளின் வேர் எங்கே என்று தேடிப்போனபோது எனக்கு ஒரு விஷயம் கிடைத்தது. அது நம் மெட்ராஸிலேயே இருக்கிறது.

1802இல் மெட்ராஸில் பிசிஷியன் ஜெனரலாக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், செடிகொடிகளில் பைத்தியமான மருத்துவர். இழுப்பு வந்தால் ஊமத்தை வேரைக் காயவைத்து, நைத்து, குழாயில் இட்டுப் புகைப்பது இங்கே வழக்கத்தில் இருந்த வைத்தியம். இழுப்பால் அவதிப்பட்ட ஜென்ட் என்ற ராணுவ ஜெனரலுக்கு ஆண்டர்சன் அதைச் சொல்லிக்கொடுத்தார். ஜென்ட் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். லண்டன் மருத்துவர் சிம்ஸ் 1812இல் அதைப் பற்றி எழுதினார். அங்கே ஊமத்தையின் உறவுச்செடி ஒன்று கிடைத்தது. அதன் இலையைச் சுருட்டி ஆஸ்துமா சிகரெட் என்று ஐரோப்பா முழுக்க விற்றார்கள், 100 வருஷத்துக்கும் மேலாக.

ஊமத்தை ஏன் வேலை செய்தது? வேகஸ் என்று ஒரு நரம்பு. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்கிப் பிடித்திருப்பது அதன் கட்டளை. ஊமத்தையில் உள்ள அட்ரோபினும் ஸ்கோபோலமினும் அந்தக் கட்டளையைத் தசைக்குப் போய்ச் சேரவிடாமல் மறிக்கும். பிடி தளரும். ஆனால் அதே பொருள் மூளைக்குள்ளும் ஏறும். உன்மத்தம் என்ற சொல்லோடு ஊமத்தையின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். திருவொற்றியூர் ஈசனுக்குப் பூவாகச் சாத்தலாம், யாரும் புகைத்துப் பார்த்துவிடக் கூடாது. எவ்வளவு மருந்து, எவ்வளவு விஷம் என்ற கணக்கு அதில் கிடையாது, உயிரே போகும். பிற்பாடு ஜெர்மானிய வேதியியலாளர்கள் அட்ரோபினின் உருவை மாற்றி, ரத்தத்தில் அதிகம் ஏறாமல், மூளைக்குள் நுழையாமல், குழாயிலேயே நின்று வேலை செய்யும்படி ஆக்கினார்கள். அதுதான் இப்ராட்ரோபியம். 2002இல் ஐரோப்பாவுக்கு வந்த டியோட்ரோபியம் அதன் அடுத்த தலைமுறை, ஒரு முறை இழுத்தால் நாள் முழுக்க நிற்கும். இன்றைக்கு எங்கள் தெருவில் 3, 4 வீட்டு அலமாரியில் அதன் பொடி அடைத்த மாத்திரைக்குப்பி இருக்கிறது. மெட்ராஸிலிருந்து கப்பலேறின ஒரு புகை, 200 வருஷம் சுற்றி, பொடியாகி விம்கோ நகருக்குத் திரும்பியிருப்பதாகவே நான் நினைத்துக்கொள்கிறேன்.

பம்பின் கதை வேறு. அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மேசனுக்கு 13 வயதில் ஒரு மகள், அவளுக்கு ஆஸ்துமா. ரப்பர் பல்பை அழுத்தி அழுத்தி மருந்தடிக்கும் கண்ணாடிக் கருவி அவளுக்குப் பெரிய தொல்லை. முடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி ஒரே அழுத்தில் ஏன் வரக்கூடாது என்று அப்பாவைக் கேட்டாள். 1956இல் முதல் பம்பு கடைக்கு வந்தது. ஒரு பெண் குழந்தை கேட்டதை ஒரு அப்பா காதில் வாங்கிக்கொண்டதால் வந்த பொருள் என்று அறிந்ததிலிருந்து அந்தப் பம்பின் மேல் எனக்கு ஒரு பிரியம்.

இந்த மருந்துகளைச் சோதித்த பெரிய ஆய்வுகள் சொன்னதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். 1994இல் வெளியான லங் ஹெல்த் ஸ்டடியில் வட அமெரிக்காவில் 5,887 புகைப்பிடிப்பவர்களை 5 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். இப்ராட்ரோபியம் இழுத்தவர்களுக்கு மூச்சு கொஞ்சம் கூடியது, மருந்தை நிறுத்தியதும் அந்த லாபம் போய்விட்டது. வருஷத்துக்கு வருஷம் நுரையீரல் தேய்வதை அது தடுக்கவில்லை. தேய்வை மெதுவாக்கியது புகையை விட்டதுதான். 2007இல் வேறு மருந்துகளைச் சோதித்த டார்ச் ஆய்வு, 42 நாடுகள், 6,112 பேர், 3 ஆண்டு. 2008இல் அப்லிஃப்ட் ஆய்வு, 37 நாடுகள், 5,993 பேர், 4 ஆண்டு. அப்லிஃப்டில் டியோட்ரோபியம் இழுத்தவர்களுக்கு மூச்சு லேசானது, நோய் திடீரென்று முற்றும் நாட்கள் குறைந்தன, வாழ்க்கை கொஞ்சம் மேம்பட்டது. தேய்வு வேகம் மட்டும், மற்ற மருந்துகளை இழுத்தவர்களுக்கு எப்படியோ அப்படியே இருந்தது. மருந்தைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ராத்திரி 3 மணிக்குத் தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்தவரைப் பார்த்து வளர்ந்தவள் நான். 'நோய் முற்றும் நாட்கள் குறைந்தன' என்பது எவ்வளவு பெரிய வரம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் டார்ச், அப்லிஃப்ட் ஆய்வுகளில் சேர ஒரு நிபந்தனை இருந்தது. குறைந்தது 10 'பாக்-இயர்' புகைத்திருக்கவேண்டும். அதாவது நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் வீதம் 10 வருஷம். சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். அப்பா அந்த வரிசையில் நிற்கலாம். அம்மாவைக் கதவருகே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவளுக்கு பாக்-இயர் பூஜ்யம். அவள் ஊதின ஊதலுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

கணக்கே எடுக்காமல் இல்லை. 2018 வரை எங்கள் பகுதி சேர்ந்திருந்த அதே திருவள்ளூர் மாவட்டத்தில், போரூர் ராமச்சந்திரா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் புகைபிடிக்காத 900 கிராமத்துப் பெண்களைச் சோதித்தார்கள். எல்லாரும் 30 வயதைத் தாண்டியவர்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் 2.44 சதவீதம் பேருக்குச் சிஓபிடி இருந்தது. விழுக்காடாகச் சொன்னால் சின்னதாகத் தெரியும். பீடி சிகரெட் தொடாத பெண்களில் ஏறக்குறைய 40 பேருக்கு ஒருவர் என்று சொல்லிப் பாருங்கள். நாடு முழுக்கவென்றால், 2016 கணக்குப்படி இந்தியாவில் 5.53 கோடி பேருக்கு இந்த நோய்.

இதே ஊரில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய்க்கான ஆராய்ச்சி மையம் வந்தது. சானடோரியத்தில் படுக்கவைத்துத்தான் காசநோயைக் குணப்படுத்தமுடியுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்று மெட்ராஸின் ஏழை நோயாளிகள் 193 பேரை வைத்துச் சோதித்தார்கள். நெருக்கடியான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, இதற்கு நடுவிலும் வீட்டு வைத்தியம் சானடோரியத்துக்குச் சமமாக நின்றது. 1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியம் மாறியது. நம் குடிசைக்குள் வந்து கேட்ட கேள்விக்கு நம் மக்கள் உடம்பைக் கொடுத்துப் பதில் சொன்னார்கள். மூச்சுக்குழாய் மருந்துக்கும் அப்படி ஒரு கேள்வியை அடுப்பு ஊதின பெண்களிடமும், காசநோய்த் தழும்பு நெஞ்சில் உள்ளவர்களிடமும், நிலக்கரித் தூசியில் வேலை செய்தவர்களிடமும் வந்து கேட்கவேண்டும் என்பதே என் ஆசை.

புகையை விட்டால் தேய்வு குறையும் என்றது லங் ஹெல்த் ஸ்டடி. பீடியை விடலாம். மரத்தூள் அடுப்பை நாங்கள் விட்டோம். முதலில் திரி ஸ்டவ், பிறகு பம்பு ஸ்டவ், பிறகு கேஸ். ஊதாங்குழல் எந்த மழையிலோ துருப்பிடித்துப் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. ஊரின் காற்றை எப்படி விடுவது?

நல்லதும் நடந்திருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. ராயபுரத்துக்காரர்கள் மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளைத்துணி கருப்பாகிறது என்று வருஷக்கணக்கில் முறையிட்டார்கள். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. 2017 மார்ச்சில் எண்ணூர் அனல் மின் நிலையத்தை மூடினார்கள். 450 மெகாவாட் ஆலை. அப்பா காலத்தில் ராத்திரியில் எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் அதன் புகைபோக்கி விளக்குதான் வடக்கு. ஆனால் துறைமுகத்தை விட்ட நிலக்கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அதைவிடப் பெரிய அனல் மின் நிலையங்கள் எழுந்துவிட்டன. ராயபுரத்துக்கு விடிந்தது, எங்களுக்கு வடக்குப் பக்கமிருந்து தூசி வந்தது. கன்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலுக்காக எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் உறுமிக்கொண்டு நிற்கின்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அந்த ராத்திரி அம்மா ஜன்னல் இடுக்கில் பழைய புடவையைத் திணித்துவிட்டு, மூலையில் பம்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குப் பம்பு வந்த விதமும் சொல்லவேண்டும். முதலில் அவளும் அப்பா மாதிரியே மாட்டேன் என்றாள். எதிர்வீட்டு அக்காவுக்கு டாக்டர் மாத்திரைக்குப்பியும் சுழற்றி இழுக்கும் கருவியும் எழுதிக்கொடுத்திருந்தார். அக்கா ஒரு மாதம் அந்தக் குப்பியைத் தண்ணீர் ஊற்றி முழுங்கிவிட்டு, "மருந்து நல்லாவே கேக்கல" என்றார். தவறு அக்கா மேல் இல்லை. மாத்திரை உருவத்தில் கொடுத்தால் முழுங்கத்தானே செய்வார்கள்? குப்பியைக் கருவியில் செருகித் திருகினால் அது உள்ளே உடையும், பொடியை மட்டும் ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும் என்பதை யாராவது கையைப் பிடித்துக் காட்டவேண்டும். ஒரு நர்ஸ் அக்காவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துக் காட்டினார். பம்பானால் நன்றாகக் குலுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடு, உதட்டை இறுக மூடு, மெதுவாக இழுக்க ஆரம்பித்ததும் அழுத்து, 10 எண்ணும்வரை அடக்கு. அந்த 5 நிமிடப் பாடம் அப்பாவுக்குக் கிடைத்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. கேப் டவுனில் 1999இல் மருத்துவர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டுப் பம்பைச் செருகி, ஆஸ்துமா முற்றி வந்த குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. ஒரு பழைய பாட்டில் செய்யக்கூடிய காரியம், சொல்லித்தர ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

2021 ஆகஸ்டிலிருந்து பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்ப்பது இன்று எந்தப் பாட்டிக்கும் புதிதில்லை. எங்கள் பக்கத்தில் 40 வயதைத் தாண்டி இருமுகிற ஒவ்வொருவருக்கும் ஊதிப் பார்ப்பதும் அதே மாதிரிப் பழகவேண்டும்.

"உள்ள வாங்கம்மா" என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். 15 நிமிடம் முடிந்துவிட்டது.

மறுபடி கிளிப், மறுபடி அட்டைக்குழல். இந்தத் தடவை அம்மா தயங்கவில்லை. முதுகை நிமிர்த்தி, வயிறு எக்க ஊதினாள். முதல் 1 விநாடியில் வெளியே வரும் காற்றைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். மருந்துக்கு முன் 0.94 லிட்டர். மருந்துக்குப் பின் 1.06. கூடியது 120 மில்லி, ஒரு சின்ன காபி டம்ளர் அளவு. 12 சதவீதமும் 200 மில்லியும் சேர்ந்து கூடினால்தான் மருந்துக்கு நன்றாகத் திறக்கிறது என்பது அங்கே வைத்திருந்த அளவுகோல். அம்மா சதவீதத்தில் தேறினாள், மில்லியில் தேறவில்லை. மொத்தக் காற்றில் முதல் விநாடியின் பங்கு மருந்துக்குப் பிறகும் பாதிதான். 100க்கு 70 இருக்கவேண்டும். சீட்டில் சிஓபிடி என்று எழுதினார்கள்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அப்படியானால் மருந்து வீணா என்று கேட்டேன். டாக்டர் இல்லை என்றார். "உங்கம்மாவுக்குக் காத்து உள்ள போகாததுதான் பிரச்சினைன்னு நினைக்கறீங்க. அது இல்ல. போன காத்து வெளிய வராததுதான் பிரச்சினை. பழைய காத்து தேங்கி நெஞ்சு ஊதிப்போய் இருக்கு. அதுக்கு மேல எங்க புதுக்காத்து போகும்? மருந்து குழாயக் கொஞ்சம் தளர்த்தினா அந்தப் பழைய காத்து இறங்கும். மிஷின்ல கம்மியாத்தான் தெரியும். மாடிப்படியில தெரியும் பாருங்க." அந்த ஒரு நாள் ஊதலை வைத்து மருந்தை நிறுத்தக்கூடாது, மாதக்கணக்கில் இழுத்துப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் வந்தோம். 2021 பிப்ரவரியில் வண்டி விம்கோ நகர் வரை வந்தபோது அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டு அம்மா கைகூப்பினது ஞாபகம் வந்தது. வண்டிக்குள் ஏசி, மூடின ஜன்னல். அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே தெரிந்த கூரைகளைப் பார்த்தபடி வந்தாள். "காத்து நல்லா கீதுடி இதுல" என்றாள்.

எங்கள் மொட்டைமாடிக்கு 16 படி. மருந்துக்கு முன்னால் 7ஆவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். இப்போது காலையில் ஒரு குப்பி இழுத்து, வாய் கொப்பளித்து, அரை மணி கழித்து ஏறுகிறாள். 12ஆவது படியில் நிற்கிறாள். மேலே போனதும் முதல் வேலை, துணி காயப்போடுவதற்கு முன் கொடியை ஈரத்துணியால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை துடைப்பது. துடைத்த துணியை என்னிடம் நீட்டிக் காட்டுவாள். கரியாக இருக்கும். வாளியில் அலசிப் பிழிந்து மறுபடி துடைப்பாள்.